ஃபார்மட் போடுவதற்கு முன்

மேல்நிலைப் பள்ளிகளில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும்,



நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். பள்ளி திறக்கும் ஜூனிலும், பிராக்டிகல் நெருங்கும் தை மாசியிலும் உங்களில் பலர் என்னைப் போன்றவர்களைத் தேடுவீர்கள். போனில் வரும் வாசகம் பெரும்பாலும் ஒன்றேதான்: “லேப்ல சிஸ்டம் எல்லாம் ஹேங் ஆகுது, ஒருவாட்டி ஃபார்மட் போட்டுக் குடுத்துருங்க.” போட்டுத் தருவதில் எங்களுக்கு நஷ்டமில்லை. கணினிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் புதிதாக ஓஎஸ் போட்ட கணினி சில வாரம் நன்றாக ஓடிவிட்டு, காலாண்டுத் தேர்வு வருவதற்குள் பழையபடி படுத்துவிடுவதை நானும் பார்க்கிறேன், நீங்களும் பார்க்கிறீர்கள். கோளாறு விண்டோஸில் இருந்தால்தானே ஃபார்மட்டில் போகும்?

இருபது கணினிகளை நான்கைந்து வகுப்புப் பிள்ளைகள் பீரியடுக்குப் பீரியடு மாறித் தொடும் இடம் உங்கள் ஆய்வகம். அங்கே ராமைத் தின்றுகொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் எழுந்து போய்விட்ட பிள்ளைகள். உட்கார்ந்திருக்கிற பிள்ளை பாவம், அவர்கள் விட்டுப்போன மிச்சத்தோடு மல்லுக்கட்டுகிறாள். அந்த மிச்சத்தைத் துடைக்கும் பொறுப்பைச் சுவரில் ஒட்டிய அறிவிப்புத்தாளிடம் கொடுத்து வைத்திருக்கிறோம். “வேலை முடிந்ததும் அனைத்தையும் மூடவும்” என்று பெரிய எழுத்தில் இருக்கும். எந்தப் பிள்ளை படிக்கும்? மணி அடித்ததும் பறக்கிற வயசு. கணினியே செய்யக்கூடிய ஒழுங்கைக் கணினியிடமே ஒப்படைத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில், நிரம்பியிருப்பது எது என்று பாருங்கள். “மெமரி ஃபுல்” என்று பிள்ளைகள் வந்து சொல்வதில் ராமும் இருக்கும், ஹார்ட் டிஸ்கும் இருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி 90 விழுக்காட்டுக்கு மேல் நின்று, பக்கத்திலேயே டிஸ்கின் வேலைப்பளு 100-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் ராம் போதவில்லை. மெமரி பாதியில் நின்று டிஸ்க் மட்டும் 100-இல் ஒட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அப்டேட், ஆன்டிவைரஸ் ஸ்கேன் அல்லது சாகப்போகிற ஹார்ட் டிஸ்க். இந்த இரண்டாவது நிலைக்கு ராம் வாங்கிப் போட்டுப் பயனில்லை. இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். என்னைக் கூப்பிடும்போது இந்த இரண்டு எண்களைச் சொன்னீர்களானால் பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும்.

அதே பக்கத்தில் சிபியு என்பதைத் தொட்டால் கீழே “அப் டைம்” என்று ஒரு கணக்கு ஓடும். கணினி எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்பதற்கான கணக்கு அது. தினமும் மாலை ஒழுங்காக ஷட் டவுன் செய்யும் ஆய்வகத்திலும் அது நாள்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் காட்டும். கணினி பொய் சொல்லவில்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் “ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்” என்று ஒரு வசதி சேர்ந்தது. ஷட் டவுன் கொடுத்தால் பயனரின் புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் உள்பகுதி, டிரைவர்கள், பின்னணிச் சர்வீஸ்கள் எல்லாவற்றையும் அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிடும். மறுநாள் எழுப்பும்போது எழுதியதைத் திரும்ப ஏற்றும். சீக்கிரம் எழும், உண்மை. ஆனால் ஏதாவது ஒரு டிரைவரோ சர்வீஸோ மெமரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கசிவும் மறுநாளைக்குக் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பவர் ஆப்ஷன்ஸில் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிடுங்கள். காலையில் எழ அரை நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். எடுக்க மனமில்லையென்றால் வாரம் ஒருமுறை எல்லாவற்றுக்கும் ரீஸ்டார்ட் கொடுங்கள்.

இனி எழுந்து போனவர்களுக்கு வருவோம். வகுப்புக்கு ஓர் அக்கவுண்ட், அல்லது குழுவுக்கு ஓர் அக்கவுண்ட் என்று பிரித்து வைத்திருக்கிற ஆய்வகங்கள் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு பிள்ளை போன பிறகு அடுத்த பிள்ளை வந்து தன் அக்கவுண்டுக்குள் எப்படி நுழைகிறது? பெரும்பாலும் “ஸ்விட்ச் யூசர்”. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், 2001-இல், ஒரே கணினியைப் பகிரும் வீட்டாருக்காக வந்த வசதி அது. அப்பா கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது மகன் சட்டென்று நுழைந்து மெயில் பார்த்துவிட்டுப் போகலாம், அப்பாவின் வேலை கலையாது. கலையாது என்றால் அவர் திறந்து வைத்த அத்தனையும் ராமிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். வீட்டில் இரண்டு பேர் என்றால் சமாளிக்கலாம். ஆய்வகத்தில் முதல் பீரியட் பதினொன்றாம் வகுப்பு, மூன்றாம் பீரியட் பன்னிரண்டாம் வகுப்பு, ஐந்தாம் பீரியட் இன்னொரு பிரிவு என்று ஸ்விட்ச் யூசர் போட்டுக்கொண்டே வந்தால், மாலையில் ஒரு கணினிக்குள் நான்கு பேர் இருப்பார்கள். ரேஷன் கடை வரிசையில் பையை வைத்து இடம் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களைப் போல, ஆளில்லாத நான்கு பைகள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். ஷட் டவுன் கொடுக்கும்போது “வேறொருவர் இன்னும் இந்தக் கணினியைப் பயன்படுத்துகிறார்” என்று ஓர் எச்சரிக்கை வருமே, அதற்குக் காரணம் இதுதான். யாரும் உள்ளே நுழைந்துவிடவில்லை, காலையில் போன பிள்ளைதான்.

“சைன் அவுட் பண்ணிட்டுப் போ” என்று சொல்லிச் சொல்லி உங்கள் தொண்டை வறண்டதுதான் மிச்சம். சொல்லவே வேண்டாம். விண்டோஸ் புரோ பதிப்பில் குரூப் பாலிசி என்று ஓர் இடம் உண்டு. அதில் சிஸ்டம், லாகான் என்று போனால் ஃபாஸ்ட் யூசர் ஸ்விட்சிங்குக்கான நுழைவழிகளை மறைக்கும் அமைப்பு இருக்கும். அதை எனேபிள் செய்தால் ஸ்விட்ச் யூசர் என்ற வழியே பிள்ளைகளின் கண்ணில் படாது. அடுத்தவர் வர வேண்டுமானால் முந்தையவர் வெளியேறியாக வேண்டும். ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி இல்லை, ஆனால் ரெஜிஸ்ட்ரியில் இதையே செய்யலாம். தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

எல்லோருக்கும் பொதுவாக ஒரே அக்கவுண்ட் என்று விட்டிருக்கும் ஆய்வகங்களில் கதை வேறு. அங்கே மிச்சம் பிரவுசரில் இருக்கும். குரோமில் டேபைக் கூட்டக் கூட்டப் பின்னால் தனித்தனிப் புராசஸ்களாக ஓடும். 2018-இல் வந்த 67-ஆம் பதிப்பு முதல், பாதுகாப்பை முன்னிட்டு ஒவ்வொரு தளத்தையும் தனிப் புராசஸில் அடைக்கத் தொடங்கினார்கள். அதனால் மெமரிச் செலவு 10 முதல் 13 விழுக்காடு கூடும் என்று கூகுளே அப்போது சொன்னது. போதாததற்கு “விட்ட இடத்திலிருந்து தொடர்” என்ற அமைப்பை யாரோ ஒரு பிள்ளை போட்டு வைத்திருக்கும். அதன்பிறகு பிரவுசரைத் திறக்கிற ஒவ்வொருவருக்கும் அதற்கு முந்தையவரின் டேப்கள் எல்லாம் வரிசையாக எழுந்து வரும். ஆய்வகத்தில் பிரவுசரைக் கெஸ்ட் முறையில் மட்டும் திறக்கும்படி ஷார்ட்கட் வைத்துவிடுங்கள். ஜன்னலை மூடியதும் டேப், பாஸ்வேர்ட், வரலாறு எல்லாம் போய்விடும். செட்டிங்ஸில் “குரோம் மூடிய பிறகும் பின்னணி ஆப்களை ஓட்டு” என்பதையும், எட்ஜில் “ஸ்டார்ட்அப் பூஸ்ட்” என்பதையும் அணைத்துவிடுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் போகும் ஆய்வகங்களில் நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் டேப் பிள்ளைகளுடையதாக இருப்பதில்லை. நீங்கள் மாணவர் விவரம் பதியும் எமிஸ் பக்கம்தான். அதுவும் லாகின் ஆன நிலையில்.

ராம் தீர்ந்தால் கணினி ஏன் கொஞ்சம் மெதுவாகாமல் ஒரேயடியாகச் செத்துப்போகிறது என்று உங்கள் மாணவர்கள் கேட்டிருப்பார்கள். இயக்க அமைப்பு பாடத்தில் மெமரி மேலாண்மை என்று ஒரு பத்தி வரும். மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கான செய்முறை உங்கள் ஆய்வகத்திலேயே தினமும் நடக்கிறது. ராமில் இடமில்லாதபோது விண்டோஸ், கொஞ்ச நேரம் தொடாத பகுதிகளை டிஸ்கில் இருக்கும் பேஜ் ஃபைலுக்குத் தள்ளி இடம் பண்ணும். இந்த யோசனை பழையது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் டாம் கில்பர்ன் குழுவினர் செய்து காட்டியது. அதன் முதன்மை நினைவகம் 16,384 சொற்கள். ஒரு சொல்லுக்கு 48 பிட். இன்றைய கணக்கில் 96 கிலோபைட். அதற்குப் பின்னால் சுழலும் உருளை ஒன்றை வைத்து, இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய நினைவகம் என்று புரோகிராமை நம்பவைத்தார்கள்.

நம்பவைப்பதற்கு ஓர் எல்லை உண்டு. 1960-களில் கணினி என்றாலே பலர் பகிர்ந்துகொள்வதுதான். ஒரு பெரிய இயந்திரம், அதைச் சுற்றிப் பத்து இருபது டெர்மினல்கள். ஆள் கூடக் கூட வேகம் மெல்லக் குறையும். ஒரு கட்டத்துக்குப் பிறகு இன்னும் ஒரே ஒருவர் வந்தால் மொத்தமும் நின்றுவிடும். பீட்டர் டென்னிங் 1968-இல் இதை ஆராய்ந்து காரணத்தைச் சொன்னார். ஒவ்வொரு புரோகிராமுக்கும் அந்த நேரத்து வேலையை ஓட்ட இவ்வளவு பக்கங்கள் கையில் இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு குறைந்தபட்ச அளவு இருக்கிறது. “வொர்க்கிங் செட்” என்று அதற்குப் பெயர் வைத்தார். ஓடுகிற எல்லாப் புரோகிராம்களின் வொர்க்கிங் செட்டையும் கூட்டினால் ராமுக்குள் அடங்கும் வரை பிரச்சினை இல்லை. அடங்காமல் போன நொடியிலிருந்து ஒன்றுக்கு இடம் கொடுக்க இன்னொன்றைத் தள்ளுவது, தள்ளியதை உடனே திரும்பக் கேட்பது, அதற்கு இடம் தேட மூன்றாவதைத் தள்ளுவது என்று கணினி இதே வேலையாக அலையும். உருப்படியான கணக்கு ஒன்றும் நடக்காது. அதற்குத்தான் திராஷிங் என்று பெயர்.

டிஸ்க் எவ்வளவு மெதுவானது என்பதையும் பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. தேடும் இடம் தலைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று. தலை நகர்ந்து தடத்தைப் பிடிக்க இன்னும் சில மில்லி வினாடி. மொத்தம் 10 மில்லி வினாடிக்கு மேல். ராமில் அதே வேலைக்கு ஏறத்தாழ 100 நானோ வினாடி. லட்சம் மடங்கு வித்தியாசம். இந்த நிலையில் ஒரு பிள்ளை பைத்தான் ஐகானை டபுள் கிளிக் செய்கிறாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி செய்கிறாள். பக்கத்துப் பையன் “நான் ஓப்பன் பண்றேன் பாரு” என்று மவுஸைப் பிடுங்கி நாலு தடவை தட்டுகிறான். எல்லாக் கிளிக்கையும் கணினி வாங்கி வரிசையில் வைத்திருக்கிறது. ஐந்து நிமிடம் கழித்து, பைத்தான் நிரல் எழுதும் ஐடில் ஜன்னல்கள் ஆறு வரும், அல்லது வராமலேயே பீரியட் முடியும். பிள்ளைகளிடம் நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய ஒன்றிரண்டு விஷயங்களில் இது முதலாவது: ஒருமுறை தட்டு, பிறகு கையை எடு. இதைக் கணினியில் அமைத்துவைக்க வழியில்லை.

இரண்டாவது, அவர்கள் எழுதும் புரோகிராம். பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸும் எழுதுகிறார்கள். வைல் லூப்பில் எண்ணைக் கூட்ட மறந்தால் புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும். சிபியு சூடாகும், ராமுக்கு ஆபத்தில்லை. அந்த லூப்புக்குள் லிஸ்டில் அப்பெண்ட் செய்கிற வரி ஒன்று இருந்துவிட்டால் முடிந்தது. ஒரு நிமிடத்துக்குள் கணினி நின்றுவிடும். இதைத் திட்டுவதற்கான காரணமாக எடுக்காதீர்கள். நல்ல பாடம் இது. 64 பிட் பைத்தானில் சாதாரண முழு எண் ஒன்றுக்கு 28 பைட். லிஸ்டில் அதைச் சுட்டுவதற்கு 8 பைட். ஒரு கோடி எண்களை லிஸ்டாக்கினால் 36 கோடி பைட், அதாவது 360 மெகாபைட் அளவில். அதே ஒரு கோடியை ரேஞ்ச் என்று மட்டும் எழுதினால் வெறும் 48 பைட், ஏனென்றால் பைத்தான் 3-இல் ரேஞ்ச் தொடக்கம், முடிவு, இடைவெளி ஆகியவற்றைத்தான் வைத்துக்கொள்ளும்; எண்களை உண்டாக்கி அடுக்காது. இரண்டையும் ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் பார்க்கச் சொல்லுங்கள். பைத்தானில் அளவைச் சொல்லும் கெட்சைஸ்ஆஃப் கொடுத்துப் பார்த்தால் லிஸ்டுக்கு 80 மெகாபைட்தான் காட்டும். மீதி 280 எங்கே என்று கேட்கிற பிள்ளையை விட்டுவிடாதீர்கள். அவள் புத்தகத்தைத் தாண்டிவிட்டாள்.

ஓடிப்போன புரோகிராமை நிறுத்தக் கணினியை அணைக்க வேண்டியதில்லை. ஐடிலில் எழுதும் புரோகிராம் தனிப் புராசஸில்தான் ஓடுகிறது. கண்ட்ரோலும் எஃப்6-ம் அழுத்தினால் ஷெல் ரீஸ்டார்ட் ஆகி அந்தப் புராசஸ் செத்துவிடும், எழுதிய நிரல் ஜன்னல் அப்படியே இருக்கும். பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் இதை முயலச் சொல்லுங்கள். சி பிளஸ் பிளஸில் ரிகர்ஷன் முடிவில்லாமல் போனால் பயப்பட வேண்டாம். ஸ்டாக்குக்கு ஒதுக்கிய ஒன்றிரண்டு மெகாபைட்டைத் தாண்டியதும் புரோகிராம் தானே விழுந்துவிடும், பக்கத்து வேலைக்குக் கேடில்லை. லூப்புக்குள் நியூ போட்டு டெலீட் போடாமல் விடுவதுதான் ராமைத் தின்னும்.

பின்னணியில் கிடப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைஎஸ்க்யூஎல் நிறுவினால் அது விண்டோஸோடு சேர்ந்து எழும் சர்வீஸாக உட்கார்ந்துகொள்ளும். யாரும் ஒரு கொய்ரிகூட எழுதாத நாளிலும் சில நூறு மெகாபைட் அதற்குப் போகும். 2 ஜிபி கணினியில் அது பெரிய தொகை. பன்னிரண்டாம் வகுப்பு உட்காராத கணினிகளில் சர்வீஸை மேனுவல் என்று மாற்றுங்கள். எக்ஸாம்ப் வைத்து பிஎச்பி சொல்லித்தருபவர்கள் வகுப்பு நேரத்தில் மட்டும் ஸ்டார்ட் கொடுத்தால் போதும். ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் வேண்டாம். விண்டோஸோடு வருவதே போதும். “ராம் கிளீனர்”, “மெமரி பூஸ்டர்” என்ற பெயரில் எவராவது போட்டுவிட்டுப் போயிருந்தால் முதலில் அதை எடுங்கள். அந்த மென்பொருள் ஓடிக்கொண்டிருப்பவற்றின் பக்கங்களை ராமிலிருந்து வெளியே தள்ளி, எண்ணைக் குறைத்துக் காட்டும். அடுத்த நொடி அவற்றை விண்டோஸ் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும். மேலே சொன்ன திராஷிங்கைக் காசு கொடுத்து வாங்குவது அது. பேஜ் ஃபைலை அணைத்தால் வேகம் கூடும் என்று சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். அணைத்தால் ராம் தீர்ந்ததும் ஒதுங்க இடமில்லாமல் புரோகிராம்கள் விழத் தொடங்கும்.

ஹார்ட் டிஸ்க் நிரம்புவது ராம் பிரச்சினையோடு இந்த இடத்தில்தான் சேருகிறது. சி டிரைவில் இடமில்லாவிட்டால் பேஜ் ஃபைல் வளர முடியாது. சி டிரைவை நிரப்புவது பிள்ளைகளின் புரோகிராம்கள் என்று நினைப்பீர்கள். ஒரு பிள்ளை இரண்டு ஆண்டில் எழுதும் அத்தனை பைத்தான் ஃபைலும் சேர்ந்து ஒரு போட்டோ அளவுக்கு வராது. டவுன்லோட்ஸில் கிடக்கும் வீடியோ, ஆண்டு விழா போட்டோக்கள், மூன்று தடவை இறக்கிய அதே இன்ஸ்டாலர், பழைய விண்டோஸின் மிச்ச ஃபோல்டர், இவைதான். ரீசைக்கிள் பின் ஒவ்வோர் அக்கவுண்டுக்கும் தனி. நீங்கள் உங்களுடையதைக் காலி செய்தால் உங்களுடையது மட்டும்தான் காலியாகும். ஐந்து அக்கவுண்ட் இருந்தால் ஐந்து குப்பைத்தொட்டி. ஸ்டோரேஜ் சென்ஸை ஒவ்வோர் அக்கவுண்டிலும் ஒருமுறை இயக்கி, குப்பைத்தொட்டியிலும் டவுன்லோட்ஸிலும் 30 நாளுக்கு மேல் தொடாமல் கிடப்பவற்றை அழிக்கச் சொல்லிவிடுங்கள். தனி அக்கவுண்ட் வைத்திருப்பவர்கள் டி டிரைவின் பிராப்பர்ட்டீஸில் கோட்டா என்ற பக்கத்தில் ஆளுக்கு 500 மெகாபைட் என்று வரம்பு வைக்கலாம். வீடியோ இறக்குபவன் தன் பங்கைத்தான் தின்பான், பக்கத்துப் பிள்ளையின் ரெக்கார்டு வேலை தப்பும்.

வன்பொருளில் நான் சொல்லப்போவது உங்களில் சிலருக்குப் பிடிக்காது. இருபது கணினியையும் ஓட வைக்காதீர்கள். 2 ஜிபி ராமில் விண்டோஸ் 10 ஓட்டும் இருபது கணினிகளைவிட, 4 ஜிபியில் ஓடும் பத்து கணினிகள் கற்பிக்க நல்லவை. விண்டோஸ் 10-இன் 64 பிட் பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன குறைந்தபட்சமே 2 ஜிபி. அது எழுந்து நிற்பதற்கான அளவு. நின்ற பிறகு பிரவுசர் திறப்பதற்கு அதில் மிச்சமிருக்காது. இரண்டு பேர் ஒரு கணினியில் உட்கார்ந்து ஒருவர் சொல்ல ஒருவர் அடித்துக் கற்பதில் எந்தக் கேடும் இல்லை. பிராக்டிகல் தேர்வைத் தொகுதி தொகுதியாகத்தானே வைக்கிறீர்கள். ஆளுக்கொரு கணினி கொடுத்து, அது எழுவதற்குள் பீரியட் போய்விடுவதால்தான் பிள்ளைகள் கணினி அறிவியலை நோட்டுப் புத்தகத்தில் கற்கிறார்கள்.

ராமை இடம் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது; வெட்டு இருக்கும் இடமே வேறு. அழுத்தி ஏற்றப் பார்த்தால் ஸ்லாட் உடையும். ஜி31 போர்டுகள் டிடிஆர்2, அதிகபட்சம் 4 ஜிபி. எச்61 போர்டுகள் டிடிஆர்3, இரண்டு ஸ்லாட்டில் 16 ஜிபி வரை போகும். செலவழிப்பதானால் எச்61 போர்டுகளில் செலவழியுங்கள். இருக்கிற விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபி போட்டாலும் மூன்றேகால் அளவில்தான் பயன்படும். ராமைக் கழற்றினால் தங்க நிறப் பட்டைகளை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். தூசியும் கறையும் ஒட்டிய ராமால் கணினி எழாமல் பீப் அடிப்பது நம் ஊர் ஆய்வகங்களில் சர்வ சாதாரணம். இதற்கு எங்களில் சிலர் ‘போர்டு போச்சு’ என்று சொல்லிக் காசு வாங்குவதும் உண்டு, தொழிலுக்குள் இருப்பவனாகவே சொல்கிறேன்.

உங்கள் உண்மையான தயக்கம் எனக்குத் தெரியும். ஸ்டாக் ரிஜிஸ்டர். ஒவ்வொரு கணினிக்கும் எண் ஒட்டியிருக்கிறது. ஒன்றின் ராம் இன்னொன்றில் இருந்தால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது? அதனால் செத்துப்போன பத்துக் கணினிகள் உள்ளே நல்ல ராமோடு மூலையில் துணி போர்த்திக் கிடக்கின்றன. தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, எந்தக் கணினியிலிருந்து எதற்கு மாற்றினீர்கள் என்று ரிஜிஸ்டரிலேயே தேதியோடு ஒரு குறிப்பு எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கும் கணினிகளை அவர்களைக் கேட்காமல் திறக்க வேண்டாம். மற்றவற்றில் பொருள் பள்ளிக்குள்ளேயேதான் இருக்கிறது, கணக்கிலும் இருக்கிறது.

கொஞ்சம் பணம் கிடைக்குமானால், பழைய மாணவர்கள் யாராவது கொடுத்தால், ராமா எஸ்எஸ்டியா என்ற கேள்வி வரும். 4 ஜிபி இருக்கிற கணினிக்கு எஸ்எஸ்டி. 2 ஜிபி இருக்கிற கணினிக்கு முதலில் ராம், பிறகு எஸ்எஸ்டி. ராம் தீர்ந்த கணினியில் எஸ்எஸ்டி போட்டால் திராஷிங்கின் வலி குறையும், போகாது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபியும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும், உங்கள் எச்61 அதற்கு ஏறாது. லினக்ஸுக்குப் போவது பற்றி யோசிக்க இதைவிட நல்ல நேரம் வராது. பைத்தான், சி பிளஸ் பிளஸ், மைஎஸ்க்யூஎல்லுக்கு ஈடான மரியாடிபி, லிப்ரே ஆபீஸ் எல்லாம் அதில் ஓடும். எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய டெஸ்க்டாப்பை எடுத்துக்கொண்டு, ராமின் ஒரு பகுதியிலேயே பக்கங்களைச் சுருக்கி அடைக்கும் இசட்ராமையும் இயக்கினால் 2 ஜிபி கணினியில்கூட வகுப்பு நடத்தலாம். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் பாடம் நடத்துகின்றன. முக்கியமாக, நான் கேட்கிற ஒழுங்கு லினக்ஸில் இன்னும் எளிது. யூலிமிட் என்ற கட்டளையால் ஒரு புரோகிராம் 1 ஜிபிக்கு மேல் கேட்கக் கூடாது என்று வரம்பு வைத்துவிட்டால், அப்பெண்ட் லூப்பில் மாட்டிய பிள்ளைக்கு “மெமரி எர்ரர்” என்று ஒரு வரி வரும். கணினி நிற்காது, நீங்கள் ஓடி வர வேண்டாம், தவறு எங்கே என்று பிள்ளைக்கே தெரியும். ஒரு கணினியில் பல மானிட்டர்களை இணைத்து ஓட்டும் ஆய்வகங்களில் ஆளுக்கு ஆள் வரம்பு கட்டாயம் வேண்டும். அங்கே ஒரு பிள்ளையின் லூப் வரிசை முழுவதையும் நிறுத்திவிடும்.

அடுத்த முறை தேவைப் பட்டியல் எழுதும்போது “ராம் - 10” என்று எழுதாதீர்கள். போர்டின் பெயர், டிடிஆர் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை ஜிபி, இப்போது எத்தனை ஸ்லாட் காலி என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் பொருந்தாத ராம் பெட்டியோடு வந்து அதுவும் ரிஜிஸ்டரில் ஏறி அலமாரியில் தூங்கும். இதையெல்லாம் பார்த்த பிறகும் ஃபார்மட்தான் வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், வருகிறேன். நான் வருவதற்கு முந்தின நாள், டெஸ்க்டாப்பிலும் டாக்குமெண்ட்ஸிலும் பிள்ளைகள் வைத்திருக்கும் ரெக்கார்டு புரோகிராம்களை டி டிரைவுக்கோ பென் டிரைவுக்கோ எடுத்துவைத்துவிடுங்கள். அவை சி டிரைவில்தான் இருக்கின்றன. ஃபார்மட்டில் எல்லாமே போய்விடும்.

இப்படிக்கு,
ஒரு சர்வீஸ் கடைக்காரர்